முகில் ஆறு பனை உயரத்தில்

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையின் மொட்டை மாடியில் அந்த வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டிய நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. நெஞ்சளவு உயரம், தலையில் சாய்வாக ஒரு கண்ணாடி. அதற்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி இரவு பகலாக மேலே போய்க்கொண்டே இருக்குமாம். முகிலிலோ தூசியிலோ புகையிலோ பட்டுத் திரும்பி வர எடுக்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்து, அது எத்தனை மீற்றர் உயரத்தில் நிற்கிறது என்று பெட்டி சொல்லிவிடுமாம். இதேபோல மன்னாரில் ஒன்று, திருகோணமலையில் ஒன்று, கடலுக்கு அந்தப் பக்கம் ஆறு என்று இதோடு சேர்த்து மொத்தம் ஒன்பது பெட்டிகள். ஒன்பதும் ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்று கண்டதை மற்றதற்குச் சொல்லிக்கொண்டு இருக்கின்றன. ஒரு மார்கழியில் வடக்கிலிருந்து புகைமூட்டம் வந்து ஊரெல்லாம் இருமித் தள்ளியதே, அதற்குப் பிறகுதான் வல்வெட்டித்துறைப் பக்கமும் ஒன்று வேண்டும் என்று இங்கே வைத்தார்கள்.

நல்ல காரியம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியில் தூசி படியாமல் ஊதுவதற்கு உள்ளே ஒரு விசிறி இருக்கிறது. அது நினைத்த நேரம் உறுமத் தொடங்கும். சண்டைக் காலத்தில் குண்டு போடுகிற பொம்மர் விமானம் தூரத்தில் வருகிற சத்தம் அச்சொட்டாக அதுதான். நாற்பத்தெட்டு வயதில், கடையில் சீனி நிறுத்துக்கொண்டு நிற்கிறவள், தட்டைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். சனம் சிரிக்கும். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்.

பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் சுபாஸ்கரன் அண்ணை. சங்கத்துக்குக் காவல் நிற்கிற வோச்சர். இது அவருடைய கதை.

ஐம்பத்துநான்கு வயது, கலியாணம் கட்டவில்லை. ஒடிசலான உடம்பு, நாடி எப்போதும் கொஞ்சம் மேலே தூக்கியபடி. யாரோடு கதைத்தாலும் ஒரு கண் வானத்தில் நிற்கும். பெடியள் அவருக்கு அண்ணாந்தார் என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். வெங்காயத் தோட்டக்காரர் எல்லாரும் மருந்தடிக்க முதல் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். “முகில் இருவது பனைக்கு நிக்குது, பின்னேரம் வரைக்கும் பயமில்லை” என்பார். மீற்றரும் அடியும் அவருக்கு வாயில் வராது. எல்லாம் பனைக் கணக்குத்தான். ஒரு பனைக்கு மேல் ஒரு பனையை மனசுக்குள் அடுக்கி அடுக்கி முகில்வரைக்கும் போய்விடுவார். அவரோடு பழகி எனக்கும் சின்ன வயதிலேயே அந்தக் கணக்கு வந்துவிட்டது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. காலை ஆறரைக்கு மேலே ஏறினால் பின்னேரம் ஆறு மணிக்கு முன் கீழே இறங்கவே மாட்டார். பெட்டி வருவதற்கு முன்னும் அப்படித்தான், அந்த மாடியில் நின்றுதான் காவல் பார்ப்பார். சோற்றுப் பார்சலையும் தண்ணிப் போத்திலையும் கையோடு கொண்டு போவார். மழை கொட்டினாலும் ஒரு பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்பார். கதிரை கொடுத்தால் அதில் சோற்றுப் பார்சலை வைப்பார், தான் இருக்கமாட்டார். என்ன கடமையுணர்ச்சி என்று சங்கத் தலைவர் வருஷக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடையே போர்த்தினார். நான் கீழே இருந்து கை தட்டினேன். அவர் ஏன் இறங்குவதில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

காரணம் தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி.

இப்போது சங்கக்கடை நிற்கிற வளவின் மூலையில் அப்போது தண்ணீர்த் தாங்கி ஒன்று இருந்தது. நாலு தூண், ஓர் இரும்பு ஏணி, மேலே தகரம் அடித்த தட்டு. ஊர்ப் பெடியள் முறை வைத்து அதில் ஏறிச் சென்ரிக்கு நின்று வானம் பார்ப்பார்கள். பொம்மர் தெரிந்தால் ஒரு நீட்டு விசில். விசில் கேட்டால் நாங்கள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுப் பதுங்குகிற குழிக்குள், பங்கருக்குள் குதிப்போம். அன்று காலை முறை சுபாஸ்கரன் அண்ணைக்கு. அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மா மூக்குப்பேணியில் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்து, “மேலை நிக்கிற பிள்ளைக்குக் குடுத்திட்டு ஓடி வா” என்று அனுப்பினா. என் அக்கா சுவர்ணா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். கிணற்றடியிலிருந்து பங்கருக்குப் பதினொரு காலடி. இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் கிணற்றிலிருந்து பதினொரு அடி எண்ணிப் பார்க்காமல் என்னால் திரும்ப முடியாது.

நான் தாங்கியடியில் அவரிடம் பேணியை நீட்டினேன். அவர் வாயில் வைக்கவும் பொம்மர் சத்தம் வந்தது. அவர் முகங்குப்புற மண்ணில் விழுந்தார். நான் விழவில்லை. விறைத்துப்போய் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். விசில் அவருடைய கழுத்திலேயே கிடந்தது.

புகை அடங்கி நாங்கள் ஓடிப்போனபோது கிணற்றடியில் அம்மா வாயில் அடித்துக்கொண்டு இருந்தா. அக்காவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவள் தோய்த்து வைத்த மஞ்சள் பாவாடை வாளிக்குள் அப்படியே இருந்தது, அதை மட்டும் சொல்கிறேன். அம்மா திடீரென்று நிமிர்ந்து, “சென்ரிக்கு நிண்டவன் என்னத்தைக் கிழிச்சவன்?” என்று கேட்டா. கூடி நின்ற ஆம்பிளைகள் எல்லாரும் சுபாஸ்கரன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேலே நிற்கவில்லை என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவர் வாய் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

“முகிலம்மா. முகில் ஆறு பனைக்கு இறங்கி நிண்டது. ஆராலும் கண்டிருக்கேலாது.”

பொய். பச்சைப் பொய். வானம் நல்லாய் வெளித்துக் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பஞ்சு முகில், இடையில் எல்லாம் நீலம். அந்த நீலத்துக்குள்ளால் பொம்மர் மினுங்கிக்கொண்டு வந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். பிறகு ஏன் சொன்னேன்? அவரைக் காப்பாற்ற என்று நினைக்காதீர்கள். அவர் ஏன் கீழே நின்றார் என்று யாரும் கேட்டால், கௌரி தேத்தண்ணி கொண்டு போனாள், அதை வாங்க இறங்கினார் என்றுதானே வரும்? அக்காவைக் கொன்றது என் கையிலிருந்த பேணி என்று வருமே! அந்தப் பயம். அன்றையிலிருந்து தேத்தண்ணியை நான் வாயில் வைத்ததில்லை. கேட்பவர்களுக்கு வயிற்றெரிவு என்று சொல்வேன்.

அந்த ஆறு பனை ஊரில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அம்மா சாகும்வரை, “அந்தப் பிள்ளை என்ன செய்யும், முகிலெல்லோ மறைச்சது” என்று சுபாஸ்கரன் அண்ணைக்குக் கறி கொடுத்துவிடுவா. அவரும் அதையே பிடித்துக்கொண்டார். முகங்குப்புற விழுந்தவர், வானத்தைக் காணவில்லை. கண்டவள் நான். நான் சொன்னது உண்மையென்றால் மேலே நின்றிருந்தாலும் ஒன்றும் நடந்திராது, அவர் மேல் பழியில்லை. உண்மையில்லை என்றால்? அதுதான் அந்த மனிசனை முப்பத்தைந்து வருஷம் நித்திரை கொள்ளவிடாமல் வைத்த கேள்வி. முகில் உண்மையில் ஆறு பனைக்கு நின்றதா, இல்லையா.

அப்படிப்பட்டவரின் தலைக்கு மேலேதான் கொண்டுவந்து வைத்தார்கள், முகிலின் உயரம் சொல்லுகிற பெட்டியை.

பெட்டியின் கணக்கு வழக்கைப் பார்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தனுசியா என்று ஒரு பிள்ளை மடிக்கணினியோடு வரும். ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. நல்ல குணம், வாய்தான் ஓயாது. கிணற்றுத் தண்ணியால் கண்ணாடியைத் துடைத்தால் சுண்ணாம்பு படியும், காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணிதான் பாவிக்க வேண்டும் என்று அது சொல்லிக் கொடுத்ததை இவர் மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். ஒரு சீ.ஆர். கொப்பியும் கொடுத்தது, தினமும் துடைத்ததையும் வானம் எப்படி இருந்தது என்பதையும் எழுத. இவர் எழுதியது: “காலை 7.10. காக எச்சம் துடைத்தது. முகில் பதினெட்டுப் பனை.” பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒரு பனை இருபத்தைந்து மீற்றர் என்று வைத்துப் பெட்டியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தியது. இரண்டு மூன்று பனைக்கு மேல் அவர் பிழைக்கவே இல்லை.

முதல் வருஷ நவராத்திரியில் வாணிவிழாவுக்குச் சங்கத்தில் தராசு, சைக்கிள், கல்குலேற்றர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். சுபாஸ்கரன் அண்ணை பக்தியோடு மேலே போய்ப் பெட்டிக்கும் வைத்தார். எங்கே? அந்தக் கண்ணாடியின் நட்டநடுவில்! அடுத்த நாள் தனுசியா கடைத் தொலைபேசிக்கு எடுத்துக் கத்தியது.

“அன்ரி, மற்ற எட்டு இடத்திலையும் வானம் வெளிச்சுக் கிடக்குது. உங்கடை பெட்டி மட்டும் முகில் நிலத்திலை கிடக்குது எண்டு சொல்லுது. உங்கை என்ன நடக்குது?”

வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தது. “அங்கிள், உதுக்குத் தன்ரை கண்ணிலை ஒட்டினதும் தெரியாது, தூர நிக்கிறதும் தெரியாது. முதல்லை வெளிச்சத்தை எது மறிக்குதோ, அதைத்தான் முகில் எண்டு நம்பும்” என்று விளங்கப்படுத்தியது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடியத்தான் அவர் கேட்டார்.

“பிள்ளை, உம்மட்டை ஒண்டு கேக்கோணும். தொண்ணூறாம் ஆண்டு ஒரு நாள் முகில் எவ்வளவு உயரத்திலை நிண்டது எண்டு உது சொல்லுமே?”

“இல்லை அங்கிள். வைச்ச நாளிலையிருந்துதான் சொல்லும்.”

“அப்ப அந்த மாதத்திலை, அந்த நேரத்திலை, ஆறு பனைக்கு முகில் இறங்குறது நடக்கக்கூடிய விசயமோ எண்டு கேட்டால்?”

“அதுக்கு ஒரு வருசம் காணாது. மூண்டு ஐப்பசியாவது பாத்தால் ஒரு மாதிரிச் சொல்லலாம்.”

தனுசியாவுக்கு அது சும்மா ஒரு கேள்வி. கீழே படியில் நின்ற நான் அந்த நிமிஷமே நாளை எண்ணத் தொடங்கினேன்.

மூன்று ஐப்பசி. ஐயோ, அந்த மூன்று வருஷம் நான் பட்ட பாடு! மேலே விசிறி உறுமும் ஒவ்வொரு தடவையும், அந்தப் பெட்டி என்னைப் பற்றித்தான் மற்ற எட்டுக்கும் சொல்லிக் கொடுக்கிறது என்று தோன்றும். விசர்க்கதை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன? கனவில் அக்கா மஞ்சள் பாவாடையைப் பிழிந்துகொண்டு, “எத்தினை பனையடி?” என்று கேட்பாள். ஒரு நாள் நல்லெண்ணெய்ச் சீலையை மடிக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கண்ணாடியில் ஒரு இழுவை இழுத்துவிட்டால் பெட்டி கதைக்காது அல்லவா? பாதிப் படியில் அவருடைய முதுகு தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார். திரும்பி வந்துவிட்டேன்.

போன ஐப்பசி முடிய ஒரு கிழமை இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பத்து மணிக்கு அவர் இறங்குகிறாரா! கடையில் வேறு யாரும் இல்லை. சீ.ஆர். கொப்பியை என் முன்னால் வைத்து விரித்தார்.

“மூண்டு ஐப்பசியும் எழுதியிருக்கிறன் கௌரி. காலமை எட்டுக்கும் பத்துக்கும் இடையிலை. என்ரை கண் சொன்னது இந்தப் பக்கம், பெட்டி சொன்னது அந்தப் பக்கம். இருவத்தெட்டு, முப்பத்தொண்டு, இருவத்தஞ்சு. அடைமழைக்குள்ளை ஒருக்கால் பதினொண்டு. ஆறு ஒருக்காலும் வரேல்லை. தை மாதத்துப் பனிப்புகார் மட்டும் அப்பிடி இறங்குது, அதுவும் விடியப்புறத்திலை.”

நான் கொப்பியை என் பக்கம் இழுத்து அந்த இலக்கங்களைப் பார்த்தேன்.

“இன்னொண்டும் யோசிச்சன். முகில் ஆறு பனைக்கு மூடியிருந்தால், மேலை வந்தவனுக்கு எங்கடை கிணத்தடி எப்பிடித் தெரிஞ்சது? அவனுக்கு நாங்கள் தெரிஞ்சால் எங்களுக்கும் அவன் தெரிஞ்சிருப்பானெல்லே? இவ்வளவு காலமும் இது என்ரை மண்டையிலை ஏறேல்லை பாரன். சொல்லு. நீ அண்டைக்கு என்னத்தைக் கண்டனி?”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர்மேல், பெட்டிமேல், அந்தப் பிள்ளை தனுசியாமேல்.

“நீலத்தைக் கண்டனான்! போதுமே? வானம் வெளிச்சுக் கிடந்தது. பொம்மர் வாறதைக் கண்டனான். மேலை நிண்டிருந்தால் நீங்களும் கண்டிருப்பியள். நான் பொய் சொன்னனான். உங்களுக்காக எண்டு நினைக்காதேங்கோ, எனக்காகச் சொன்னனான். நான் அந்தக் கோதாரித் தேத்தண்ணியைக் கொண்டு வராட்டி நீங்கள் இறங்கியிருக்கமாட்டியள். சுவர்ணாக்கா பங்கருக்குள்ளை போயிருப்பா.”

வாணிவிழாவில் அவர் அந்தப் பெட்டிக்குச் செய்ததைத்தான் நானும் இந்த மனிசனுக்குச் செய்திருந்தேன். கண்ணின் நட்டநடுவில் ஒரு பொட்டை வைத்துவிட்டு, அதுதான் முகில் என்று முப்பத்தைந்து வருஷம் நம்பவைத்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. அவர் அடிப்பார், அல்லது காறித் துப்பிவிட்டுப் போவார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கொப்பியை மூடினார்.

“நீ வரேக்கை நான் கீழைதான் நிண்டனான்.”

“என்ன?”

“தேத்தண்ணிக்கு இறங்கேல்லை கௌரி. அரை மணித்தியாலத்துக்கு முதலே இறங்கியிட்டன். மேலை தகரம் சுட்டது. ரெண்டு நாளா ஒண்டும் வரேல்லை, இண்டைக்கும் வராது எண்டு நினைச்சு நிழலுக்கை நிண்டன். நீ வரேக்கை தூணிலை சாஞ்சு கொண்டு நிண்டனான். ஞாபகம் இல்லையே உனக்கு?”

அவர் ஏணியில் இறங்கி வருவது எனக்கு ஞாபகம் இருந்தது. இரும்புப் படிகளில் அவருடைய கால் படுகிற சத்தம்கூட ஞாபகம் இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். ஆனால் அவர் சொல்லச் சொல்ல, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்ற ஒரு பெடியன் மெதுவாக என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றான். அந்த ஏணிச் சத்தத்தை நான் எங்கிருந்து எடுத்தேன்?

“ஏன் சொல்லேல்லை?” என்றேன்.

“நீ முகில் எண்டு சொன்னாய். நான் அதைப் பிடிச்சுக்கொண்டன்.”

“தேத்தண்ணியாலைதான் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்தது உங்களுக்குத் தெரியுமே?”

அவர் வானத்தைப் பார்க்கவில்லை. முதல்தடவையாக என் முகத்தையே பார்த்தார்.

“செத்தவீட்டிலை எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்தவை. நீ தட்டிவிட்டனி. அண்டைக்கே விளங்கியிட்டுது. பிறகு ஒவ்வொரு வருசமும் சொல்லுவம் எண்டு வருவன். சொன்னால் முகிலும் போயிடும் எண்டு பயம்.”

“போங்கோ” என்றேன். “என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்காதேங்கோ.”

அவர் கொப்பியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுக் குழறினேன். அக்காவுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். பதின்மூன்று வயதுப் பெட்டை ஒருத்தி முப்பத்தைந்து வருஷமாகக் கையில் பேணியோடு நின்றிருக்கிறாள். அதைக் கீழே வைத்துவிட்டுப் போ என்று அவளிடம் சொல்ல ஒரு ஆளுக்கு வாய் வரவில்லை.

மேலே விசிறி உறுமியது. எனக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட ஏலவில்லை.

அழுது முடிந்ததும் எழும்பிக் கேத்திலில் தண்ணி வைத்தேன். கடைப் பெட்டகத்திலிருந்து தேயிலைப் பைக்கற் ஒன்றை உடைத்துக் கடும் சாயமாக இரண்டு பேணியில் ஊற்றினேன். ஒன்றில் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். கயர்த்தது. எனக்குத் தேத்தண்ணி பிடிக்கவில்லை. இந்தச் சனியனையா இவ்வளவு காலமும் குடிக்காமல் இருந்தேன் என்று மிச்சத்தை வாசலில் ஊற்றிவிட்டேன்.

மற்றப் பேணியில் சீனியைப் போட்டுக் கலக்கி, கொண்டுபோய் மாடிப்படியின் முதற்படியில் வைத்தேன். கூப்பிடவில்லை. அவரும் எட்டிப் பார்க்கவில்லை. சரியாக ஆறு மணிக்கு அவர் இறங்கி வந்தபோது அது ஆறிப்போய், விளிம்பெல்லாம் எறும்பு மொய்த்துக் கிடந்தது. நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். அவர் எறும்பை ஊதாமல், தட்டாமல், அந்தப் படியிலேயே இருந்து முழுதையும் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.